விதிப்படி எழுபத்தேழு கிலோ

கண்ணாடிக்காரர் என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. பாதி ஊர் அவர் மாட்டிவிட்ட மூக்குக்கண்ணாடி வழியாகத்தான் மீதி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பத்தைந்து வயதில் விமானம் ஓட்டும் ஆசை பிடித்தது. சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு மீன்பிடிப்பு, இவருக்கு வானம். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் போய்க் கற்று, பரீட்சை எழுதி, உரிமமும் வாங்கி, ஊருக்கு வெளியே இருந்த பறப்போர் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டார். அந்த இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அவர் மனைவி ஒன்று விடாமல் மனதில் அடுக்கி வைத்திருந்தாள்.

அவளுடைய தங்கைக்கு விரிகுடாவின் அக்கரையில் கல்யாணம் நிச்சயமானது. பதிவு அலுவலகத்தில் மதியம் கையெழுத்து. தகப்பன் இல்லாத வீடு, ஆகவே மூத்தவனான அண்ணன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் நீச்சல் பயிற்சியாளர். முந்தின நாள் மாலைவரை போட்டி இருந்ததால் அவரால் முன்கூட்டியே கிளம்ப முடியவில்லை. காலையில் கிளம்பினால் சாலை வழியாக விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகாய வழியென்றால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கண்ணாடிக்காரர் மார்பைத் தட்டி, நான் இருக்கிறேன் என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த ஒரு தடவையாவது அந்த விமானத்தால் நம் வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் உண்டா பார்ப்போம் என்றாள். அந்தப் பேச்சில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருந்தன என்பது அவருக்குத் தெரியும்.

சங்கத்தின் விமானம் ஒற்றை எஞ்சின் போட்டது, ஆறு இருக்கை கொண்டது. முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் பெட்டி வைக்கும் இடம். சின்ன விமானம் என்பது பார்வைக்குத்தான் விமானம். குணத்தில் அது ஓடம் மாதிரி. யார் எங்கே உட்கார்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். மொத்தச் சுமை எவ்வளவு என்பது ஒரு கணக்கு, அந்தச் சுமை முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. ஆறு நாற்காலி இருக்கிறதே என்று ஆறு கனத்த ஆட்களை ஏற்றி, டாங்க் முட்ட எரிபொருள் ஊற்றி, பின்னால் மூட்டைமுடிச்சுகளையும் திணித்தால் அது பறக்காது. பறந்தாலும் சொன்ன பேச்சு கேட்காது.

ஆகவே கண்ணாடிக்காரர் முந்தின நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டார். மனைவி தன் எடை ஐம்பத்துநாலு என்று அரைக் கிலோகூட ஒளிக்காமல் சொன்னாள். மச்சானைத் தொலைபேசியில் கேட்டதற்கு, நூறுக்குப் பக்கத்தில் இருக்கும் என்றார். எந்தப் பக்கத்தில் என்று சொல்லவில்லை. அவர் நீச்சல் கற்றுக்கொடுப்பது கரையில் நின்றபடிதான். இறங்கினால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மிஞ்சாது என்று ஊரில் பேச்சு. கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டு நூற்றிருபது என்று போட்டுக்கொண்டார். அது போக, மணப்பெண்ணின் உடுப்புப் பெட்டி. தங்கைக்கு அண்ணன் வாங்கிய சீர், இரும்புக்கால் வைத்த தையல் இயந்திரம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, டாங்கில் இருக்கும் பாதி எரிபொருள் போக வரத் தாராளம், மேலே ஊற்றவேண்டாம், மச்சான் முன்னால் என் பக்கத்தில், மற்றதெல்லாம் நடுவில் என்று முடிவு செய்தார். கணக்கு கச்சிதமாக வந்தது. நிம்மதியாகத் தூங்கினார். சங்கத்தில் எடை சமநிலைக் குழு என்று ஒன்று இருப்பதை அவர் மறந்துவிட்டார்.

காலையில் மூவரும் போய் இறங்கியபோது குழு தயாராக இருந்தது. தலைவர், செயலாளர், எடை அலுவலர் என்று மூன்று பேர். எந்த விமானம் கிளம்புவதானாலும் இவர்கள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொட்டகை வாசலில் மேசை போட்டு எடை அலுவலர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நீச்சல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொலைக்களத்துக்குப் போகிறவர் முகத்தோடு, தராசு எங்கே, ஏறி நிற்கவா என்று கேட்டார்.

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் எடை அலுவலர். "நீங்க ஆம்பளைதானே?"

"ஆமா."

"அப்ப எழுபத்தேழு."

 நீச்சல்காரர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். குழுவின் விதிப்படி ஆண் என்றால் எழுபத்தேழு, பெண் என்றால் அறுபத்திரண்டு, அதற்கு மேலும் கிடையாது கீழும் கிடையாது என்று எடை அலுவலர் விளக்கினார். பழம் நழுவிப் பாலில் விழுந்து, அதுவும் நழுவி வாயில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது நீச்சல்காரருக்கு. இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுக்க முடியுமா, முத்திரையோடு, என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கேட்டதும் கிடைத்தது. வீட்டில் மனைவியிடம் ஒரு தடவை, வைத்தியரிடம் ஒரு தடவை காட்டவேண்டும் என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் தங்கையான கண்ணாடிக்காரர் மனைவி விடவில்லை. "நான் அம்பத்துநாலு. மீதி எட்டுக் கிலோ எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்க அண்ணன்கிட்ட குறைச்சதை எங்கயாவது வைக்கணும் இல்லம்மா," என்றார் எடை அலுவலர். "அதுக்குப் பேர்தான் சமநிலை."

கண்ணாடிக்காரர் குறுக்கே புகுந்து, இவர் எழுபத்தேழு இல்லை, கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே என்றார். கண்ணால் பார்ப்பது சங்கத்தின் நடைமுறையில் இல்லை என்று பதில் வந்தது. மச்சானைத் துணைக்கு அழைத்தார். மச்சானோ, "பெரியவங்க முத்திரை போட்டுச் சொல்றாங்க, அதுல நீங்க ஏன் மாப்பிள்ள தலையிடறீங்க?" என்று கட்சி மாறிவிட்டார்.

சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார். ஒரே ஒரு தடவை தராசில் நிறுத்திப் பாருங்கள் என்று கண்ணாடிக்காரர் கெஞ்சினார். தராசு தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகச் செயலாளர் வருத்தத்துடன் தெரிவித்தார். போன ஆண்டுவிழாவில் படம் எடுப்பதற்காகத் தலைவர் அதன்மேல் ஏறி நின்றாராம். அது, பதவிக்குப் பொருந்தாத ஒரு எண்ணை, விருந்தினர் முன்னிலையில் காட்டிவிட்டதாம்.

"விளக்கம் கேட்டிருக்கோம்," என்றார் செயலாளர். "இன்னும் பதில் தரல."

"யாரு?"

"தராசுதான்."

அதோடு போகவில்லை. விமானத்தின் டாங்க் பாதிதான் இருக்கிறது, அதை முழுக்க நிரப்பாமல் கிளம்பக்கூடாது என்றார் எடை அலுவலர். நிரப்பினால் சுமை ஏறிவிடும் என்று கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். செயலாளர் விதியை மனப்பாடமாக ஒப்பித்தார். குறைகுடம் தளும்பும், நிறைகுடம் தளும்பாது, தளும்பினால் சமநிலை கெடும், ஆகவே டாங்க் எப்போதும் நிறைந்திருக்கவேண்டும். இந்த விதியை இயற்றியவர் தலைவரே. எரிபொருள் வண்டிக்கு ஆள் அனுப்பப்பட்டது. இன்னொன்று, நீச்சல்காரர் மணப்பெண்ணின் அண்ணன், வயதில் மூத்தவர், கௌரவ விருந்தினர். ஆகவே அவர் பின் இருக்கையில்தான் உட்காரவேண்டும். காரில் முதலாளியை யாராவது டிரைவர் பக்கத்தில் உட்கார வைப்பார்களா?

"இது கார் இல்லீங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

"அதனாலதான் மரியாதை இன்னும் கூடுதலா இருக்கணும்," என்றார் செயலாளர்.

கடைசியில் தலைவரே வந்துவிட்டார். சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். ஏணியில் இரண்டு படி ஏறினால் தலை சுற்றும் என்பதால் இதுவரை பறந்ததில்லை. ஆனால் பறப்பதைப் பற்றி அவர் அளவுக்குப் பேசியவர் யாருமில்லை. கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டு, அந்தத் தோள் ஒரு பக்கம் இறங்கியதைக் கவனிக்காமல், பேச ஆரம்பித்தார்.

"தம்பி, சமநிலைங்கறது தராசுல இல்ல, மனசுல இருக்கு. ஒருத்தரை நிறுத்துப் பார்க்கறதுன்னா என்ன அர்த்தம்? அவரை நம்பலன்னு அர்த்தம். நாங்க யாரையும் சந்தேகப்படறதில்ல. எல்லாரும் சமம், எல்லாரும் எழுபத்தேழு. முப்பது வருஷமா இந்தக் குழு ஒப்புதல் கொடுத்த ஒரு விமானமாவது விழுந்திருக்கா சொல்லுங்க."

விழவில்லைதான். முப்பது வருஷமாகக் குழு பெரும்பாலும் ஒப்புதல் கொடுக்காமலேதான் இருந்தது. கொட்டகைக்குள் நிற்கிற விமானம் விழுந்ததாக எங்கும் சரித்திரம் இல்லை.

கண்ணாடிக்காரர் பொதுவாகச் சாது. ஆனால் மணி போய்க்கொண்டிருந்தது, மனைவி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைவிடத் தலைவர் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. இந்த விதிப்படி நீங்கள் யாராவது அந்த விமானத்தில் ஒரு தடவை உட்கார்ந்தாவது பார்த்ததுண்டா என்று கேட்டுவிட்டார்.

 செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் முகம் சிவந்து, பிறகு சிரித்து, குழு இந்த நிமிஷமே செய்முறை விளக்கம் தரும் என்று அறிவித்தார். பறக்க வேண்டியதில்லை, தரையில் நின்றபடி உட்கார்ந்து காட்டினாலே போதும். எரிபொருள் வண்டி வருவதற்குள் முடித்துவிடலாம்.

விமானம் கொட்டகைக்கு முன்னால் புல்தரையில் நின்றது. கண்ணாடிக்காரரை விமானி இருக்கையில் ஏறச் சொன்னார்கள். அவர் முதல் காரியமாகச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எடை அலுவலர் நடு இருக்கையில். சங்கத்தின் விதிமுறைப் புத்தகங்கள் அடங்கிய டிரங்குப் பெட்டியை நாலு பேர் முக்கி முனகித் தூக்கிவந்து பின்னால் வைத்தார்கள். இதற்கு எடை போட வேண்டாமா என்று கண்ணாடிக்காரர் திரும்பிக் கேட்டார். விதிகளுக்கு ஏது எடை என்று பதில் வந்தது. பிறகு தலைவர் பின்பக்கக் கதவு வழியாக ஏறி, உள்ளே தள்ளி மறுபக்க இருக்கையில் அமர்ந்தார். விமானம் ஒரு முனகல் முனகியது. அடுத்து, கதவோர இருக்கையில் செயலாளர் அமர்ந்தார்.

உட்கார்ந்த கையோடு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய மனிதர் சாய்வு நாற்காலியில் சாய்வது போல, விமானம் மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், வாலைப் புல்லில் ஊன்றிக்கொண்டு மூக்கைத் தூக்கியது. முன்சக்கரம் ஆள் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. காற்றாடி வானத்தைப் பார்த்தது. உள்ளே நாலு பேரும் மல்லாந்த கரப்பான்பூச்சிகளாகக் கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள்.

 தலைவர் குரல் கேட்டது. "கிளம்பியாச்சா?"

இல்லை, வால் தரையில் இடித்துவிட்டது என்றார் கண்ணாடிக்காரர். எடை அலுவலர் படுத்தபடியே விரல் விட்டு எண்ணினார். நாலு பேர், ஆளுக்கு எழுபத்தேழு, பெட்டிக்குச் சைபர். இரண்டு தடவை எண்ணிவிட்டுச் சொன்னார்.

"விதிப்படி பார்த்தா சார், நாம இப்ப சாயல."

"எனக்கும் அப்படித்தான் படுது," என்றார் தலைவர், தன் முழங்கால்களை அண்ணாந்து பார்த்தபடி.

சாயாத விமானத்திலிருந்து இறங்குவது ஒரு பெரிய வேலையாகிவிட்டது. கதவு செயலாளர் பக்கம் இருந்தது. ஆனால் தலைவர் இறங்குவதற்கு முன் மற்றவர் இறங்குவது மரபில்லை. தலைவர் இறங்க வேண்டுமானால் செயலாளர் இறங்கி வழிவிட வேண்டும். செயலாளர், உயிரே போனாலும் தலைவரை முந்தமாட்டேன் என்று கண்கலங்கச் சொன்னார். முந்தலாம் என்று நினைத்திருந்தாலும் அவரால் புரண்டுகூடப் படுத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

மூக்கை யாராவது கீழே இழுத்தால்தான் ஆகும். கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, காற்றாடியைத் தொடாமல் முன்சக்கரத்தின் தண்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிடுங்கள் மச்சான், விமானம் இறங்கிவிடும் என்றார். நீச்சல்காரர், கரையில் நின்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டும் பழக்க தோஷத்தில், தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார். அதற்குள் உள்ளிருந்து எடை அலுவலர் தடுத்தார். எழுபத்தேழு கிலோ ஆளால் இதை இழுக்க முடியாது, முடியாத காரியத்தை அனுமதித்தால் குழுவுக்குப் பொறுப்பு வரும் என்றார். நீச்சல்காரரும் அப்படியே நின்று, சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு, அதுவும் நியாயம்தான், என்னை மாதிரி ஒல்லியான ஆளை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கலாமா என்றார்.

அவர் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, அங்க ஒருத்தி வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. அப்பா இல்லாத குறைக்கு நீ இருக்கேன்னு நிக்கிறா. உனக்கு அந்தக் காகிதம் பெருசா, அவ பெருசா?"

நீச்சல்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தரத் தயார் என்றார். ஆனால் ஒரு விஷயம்: "நான் மட்டும் உண்மையச் சொல்லணும்னா எப்படி? உள்ள இருக்கறவங்களும் வரிசையா சொல்லட்டும். அப்புறம் நான் களத்துல இறங்குறேன்."

உள்ளே அவசரக் கூட்டம் கூடியது. கூடியது என்றால், ஏற்கெனவே ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கூடித்தான் கிடந்தார்கள். தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. கையை உயர்த்தச் சொன்னபோது எல்லோர் கையும் காலும் ஏற்கெனவே உயர்ந்தே இருந்ததால் ஏகமனதாக நிறைவேறியது. எடை அலுவலர் எண்பத்தெட்டு என்று ஒப்புக்கொண்டார், செருப்போடு என்று சேர்த்துக்கொண்டார். பெட்டி என்ன கனம் என்று கண்ணாடிக்காரர் கேட்டதற்கு, விதிகள் கொஞ்சம் கனத்துவிட்டன, அறுபது இருக்கும் என்றார். செயலாளர், இது வெளியே போகாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு, தொண்ணூற்றாறு என்றார். விமானத்துக்குள் பேசுவது அத்தனையும் வெளியே நின்ற இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

பிறகு தலைவர் முறை. அவர் நெடுநேரம் கூரையையே பார்த்தார். முப்பது வருஷமாக நிமிர்ந்து நின்ற மனிதர், இப்படி மல்லாந்து கிடந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"நூத்தி முப்பத்தொண்ணு." கொஞ்ச நேரம் கழித்து, "காலையில. வெறும் வயித்துல."

செயலாளர் விம்மினார். தராசு அன்றைக்குச் சொன்னதும் அதேதான் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தராசு உடனடியாகப் பணிக்குத் திரும்பலாம் என்று தலைவர் படுத்தபடியே உத்தரவிட்டார். மணப்பெண்ணின் அக்காவிடமிருந்து எட்டுக் கிலோ வருத்தத்துடன் திரும்பப் பெறப்பட்டது. நீச்சல்காரர் எழுபத்தேழிலிருந்து நூற்றிருபதாக உயர்த்தப்பட்டார். அவர் காகிதத்தை ஒருமுறை முத்தமிட்டுத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, ஒரு தும்மல் தும்மி, முன்சக்கரத் தண்டை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துத் தொங்கினார். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இந்த ஆனை உட்கார்ந்தே காட்டியது. மூக்கு ஒரு முனகலோடு கீழே வந்து சக்கரம் புல்லைத் தொட்டது.

அவர் பிடியை விடுவதற்குள் இறங்கியாக வேண்டும். மரபுச் சிக்கலைச் செயலாளரே தீர்த்தார். தலைவருக்கு முகத்தைக் காட்டியபடி பின்னோக்கி இறங்கினால் அது முந்துவதாகாது. அப்படியே கும்பிட்டபடி பின்னோக்கி இறங்கி, படியில்லாத இடத்தில் கால் வைத்து, புல்லில் உட்கார்ந்தார். அவர் மேலேயே தலைவர் இறங்கினார்.

கண்ணாடிக்காரர் பழுதுபார்ப்பவரை அழைத்துவந்து வால் பகுதியைத் தடவித் தடவிப் பார்க்க வைத்தார். மண்ணும் புல்லும் ஒட்டியிருந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. எரிபொருள் வண்டி வந்து நின்றபோது தலைவர் அதன் பக்கம் திரும்பாமலே கையை அசைத்துப் போகச் சொன்னார். யாரும் எந்த விதியும் சொல்லவில்லை. தராசு வெளியே வந்தது. கண்ணாடிக்காரரும் மனைவியும் ஏறி இறங்கிய பிறகு நீச்சல்காரர் ஏறினார், அது நூற்றிருபத்துமூன்று என்றது. மூன்று கிலோவுக்குக் கண்ணாடிக்காரர் உடுப்புப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

விமானம் ஓடி, கேட்ட அளவுக்கு மட்டும் மூக்கைத் தூக்கி, ஏறியது. கீழே விரிகுடா வந்ததும் மச்சான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். தண்ணீரைக் கண்டால் எப்போதுமே பயம் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். நடு இருக்கையில் தையல் இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி அவர் தங்கை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். படகுகளையும் அவற்றின் பின்னால் ஓடும் வெள்ளைக் கோடுகளையும் பார்த்தாள், மேகத்தின் நிழல் கடல்மேல் நடப்பதைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் ஒரு தடவை திரும்பியபோது அவள் முகத்தில் இருந்ததை, இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

மதியத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டார், போட்ட கையோடு கல்யாணப் பெண்ணைவிட அதிகமாக அழுதார். அவர் அங்கேயே தங்கிவிட, திரும்பி வரும்போது முன் இருக்கையில் உட்கார்ந்த மனைவி, கரை கண்ணில் படும்வரை கீழேயே பார்த்துக்கொண்டு வந்து, பிறகு கேட்டாள்.

"என்னங்க, வர்ற ஞாயித்துக்கிழமை சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"

 கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சங்கத்தின் பொதுக்கூட்டம் வந்தது. வால் தரையில் இடித்தது பற்றி விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டிருந்தது: தலைவர், செயலாளர், எடை அலுவலர். அவர்கள் எல்லாச் சாட்சிகளையும், அதாவது ஒருவரையொருவர், தீர விசாரித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். செயலாளர் எழுந்து நின்று வாசித்தார். விமானத்தின் பின்பக்கம் கனமாக இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. முன்பக்கம்தான் லேசாக இருந்திருக்கிறது. விமானி இருக்கையில் விதிப்படி எழுபத்தேழு கிலோ இருந்திருக்க வேண்டும். மறுபடி பணியில் சேர்ந்த தராசின் வாக்குமூலப்படி அங்கே இருந்தது அறுபத்திரண்டு. இந்தப் பதினைந்து கிலோ பற்றாக்குறைக்குச் சம்பந்தப்பட்ட உறுப்பினரே முழுப் பொறுப்பு. குறையைச் சரிசெய்யும்வரை அவர் விமானத்தில் ஏறக்கூடாது.

சபையில் கைதட்டல் எழுந்தது. தராசு இருந்த பக்கம் நோக்கிச் சிலர் தனியாகத் தட்டினார்கள். தலைவர், உறுப்பினர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கருணையோடு கேட்டார்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். இந்தச் சங்கமும் வேண்டாம், இவர்கள் சமநிலையும் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வெளியேறத்தான் வந்திருந்தார். வாயைத் திறந்தவர், பின் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் வீட்டிலிருந்தே தொலைநோக்கி ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் தலைவர் பக்கம் திரும்பினார்.

"பதினஞ்சு கிலோ ஏத்தறதுக்கு எவ்வளவு நாள் டைம் குடுப்பீங்க?"

தலைவர் மேடையிலிருந்து இறங்கிவந்து, சபை முழுக்கப் பார்க்க, அவர் தோளில் கை போட்டார்.

"அவசரப்படாதீங்க தம்பி. நானே இந்த நிலைக்கு ஒரே நாள்ல வந்தவன் இல்ல."